எதிரி இல்லாத சீட்டாட்டம்

சீட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் பெரியோர்கள் நம்மவரிடையே இன்றும் உளர். அவர்கள் சுளிப்பதில் நியாயமும் உண்டு. காசு வைத்து ஆடி, விளைந்து நின்ற கரும்பை வயலோடு அடகில் இழந்த வீடுகளை நானும் கண்டிருக்கிறேன். ஆகவே, இம்மாதம் ஒரு சீட்டாட்டத்தின் விதிகளை எடுத்துரைக்கப் போகிறேன் என்றதும் இதழை மூடிவைத்துவிட வேண்டாமென்று முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாட்டத்தில் காசு இல்லை, பந்தயம் இல்லை, தோற்கடிக்கப்பட வேண்டிய மனிதர்கூட எதிரே இல்லை. ஆடுவோர் அனைவரும் ஒரே பக்கம். சீட்டுக்கட்டு ஒன்றே மறுபக்கம். இது எவ்வாறு இயலும் என்று நேயர்கள் வினவலாம். எனக்கும் அந்த வினா எழுந்தது. விடை காண இரண்டு நாட்களும் மூன்று ஆட்டங்களும் ஆயின.

துபாயில் வேலை பார்க்கும் என் மகன் சென்ற ஆடி மாதத்தில் குடும்பத்தோடு மறையூருக்கு வந்திருந்தான். அங்கே கோடையின் கொடுமைக்காகப் பள்ளிகள் மூடப்படும் காலம் நமக்கு ஆடிக்காற்று வீசும் காலம். மலைக்கு அப்பால் மூணாற்றில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்; மழைமறைவில் இருக்கும் நம் ஊரில் காற்றுத்தான் கூரையைப் பிய்க்கும். மாலையில் மின்சாரம் போய்விட்டால் வெளியே செல்லவும் வழியில்லை, உள்ளே செய்யவும் வேலையில்லை. அத்தகைய ஒரு மாலையில், பதின்மூன்று வயதுப் பேத்தி தன் பெட்டியிலிருந்து கனத்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்து என் முன்னே வைத்தாள்.

“தாத்தா, இதை நாலு பேர் ஆடலாம்” என்றாள்.

“நீ யாரோடு ஆடுகிறாய்?” என்று கேட்டேன்.

“தனியாகவும் ஆடலாம் என்று விதியில் இருக்கிறது” என்று விடை வந்தது. ஆறு மாதமாக அவள் அவ்வாறுதான் ஆடியிருக்கிறாள் என்பதைப் பிறகு அறிந்தேன். தந்தை வீடு திரும்பும் வேளையில் அவளுக்கு உறங்கும் நேரம். தாய்க்கும் அலுவல் உண்டு. வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்’ என்று எழுதியிருந்தது. 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியரின் நெடுங்கதையைப் பலர் திரைப்படமாகக் கண்டிருப்பீர்கள். அக்கதையின் உலகை நிலைக்களமாகக் கொண்டு நேட் பிரெஞ்ச் என்பவர் வகுத்த இவ்வாட்டத்தை, பேன்டசி பிளைட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2011 இல் வெளியிட்டது. முதலில் வந்த பெட்டி இருவர் ஆடுவதற்கே போதுமானது. நால்வர் ஆட இரண்டு பெட்டி வாங்க வேண்டும். 2022 இல் திருத்தி வெளியிட்ட பெட்டி ஒன்றே நால்வருக்குப் போதும். பழைய பெட்டியை யாரிடமேனும் மலிவாக வாங்க எண்ணுவோர் இதை நினைவில் வைப்பது நலம்.

நெடுங்காலம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் விதிப்புத்தகம் என்னிடமே ஒப்படைக்கப்பட்டது. மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்தோம்: நான், என் மகன், பேத்தி, என் தம்பி. தம்பியைப் பற்றி ஒரு சொல். அவன் மறையூரை விட்டுச் சென்றதில்லை. கரும்பும் ஆலையும் அவன் பொறுப்பு. என் பங்கு நிலத்தையும் அவனே பார்க்கிறான். ஆங்கிலம் அவனுக்கு வராது. ஆனால் இருபத்தெட்டு ஆடுவதில் இவ்வூரில் அவனை வென்றவர் சிலரே.

இருபத்தெட்டைக் கேரளத்துத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பிற இடங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள். நால்வர், இருவர் இருவராக இரண்டு கட்சி. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 28. இலங்கைத் தமிழர் ஆடும் முந்நூற்றுநான்கும் இதன் உறவே. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்கள் பெரியவை. இரண்டிலும் கூட்டாளி உண்டு; ஆனால் கூட்டாளியோடு பேசக்கூடாது. கண் காட்டுவதும், கனைப்பதும், சீட்டை ஓங்கி அடிப்பதும் குற்றம். தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அந்த அவமானத்துக்கு அஞ்சியே கவனமாக ஆடக் கற்றவர் பலர்.

புதிய ஆட்டத்தில் நால்வரும் கூட்டாளிகள் என்றதும் தம்பி கேட்ட முதற்கேள்வி, “அப்படியானால் குணுக்கு யாருக்கு?” என்பதே.

இனி விதிக்கு வருகிறேன். ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் மூன்று நாயகர் சீட்டுகள் உண்டு. ஒவ்வொரு நாயகருக்கும் நான்கு எண்கள்: மனவுறுதி, தாக்கும் வலிமை, தடுக்கும் வலிமை, உயிர். இவையன்றி நாயகருக்கு ஒரு விலையும் உண்டு. அதனை அபாய எண் என்று தமிழில் வைத்துக்கொண்டோம். வல்லவரைச் சேர்த்தால் அபாயமும் கூடும். சான்றாக, அரகார்ன் என்னும் பெருவீரருக்கு 12, கூட வரும் குளோயினுக்கு 9, தியோத்ரெதுக்கு 8. மூவரையும் கொண்டவர் 29 என்ற எண்ணில் ஆட்டத்தைத் தொடங்குகிறார். அந்த எண் சுற்றுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். ஐம்பதைத் தொட்டால் அவர் ஆட்டத்திலிருந்து நீங்கினார். வேறொரு தவறும் செய்யாவிட்டாலும் இருபத்தொரு சுற்றுக்கு மேல் அவருக்கு ஆயுள் இல்லை. காலம் கடத்துவோரைக் கடிகாரமே கொல்லும் ஏற்பாடு இது.

எதிரே இருக்கும் கட்டில் மூவகைச் சீட்டுகள் உள்ளன: பகைவர், இடங்கள், சூழ்ச்சிகள். முதற்கதை ஓர் இருண்ட காட்டைக் கடப்பது. சிலந்திகளும் கொடியோரும் அதில் வருவர். சின்னாற்றுக் காட்டுவழியே உடுமலைக்கு மாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பயம் புதிதன்று. நம் வழியில் சிலந்திக்குப் பதில் யானை. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்து மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்று ஐந்து நாடாகக் குடியேறினோம் என்று நம் பெரியோர் வழிவழியாகச் சொல்வரன்றோ; அவர்களும் ஒரு காட்டைக் கடந்தே வந்திருக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு ஏழு படிகள் உண்டு. ஏழையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க முயன்றதே என் முதற்பிழை. பாதியிலேயே மகன் கொட்டாவி விட்டான். உண்மையில் ஐந்து படிகள் ஆடும்போது தாமே விளங்கிவிடும். முதற்படியில் நாயகர் தலைக்கு ஒரு செல்வக் காசு பெறுவர். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். இரண்டாவதில் அந்தக் காசைக் கொடுத்துத் துணைவரையும் ஆயுதங்களையும் களத்தில் இறக்கலாம். நான்காவதில், முன்களத்தில் கிடக்கும் இடங்களில் ஒன்றை நோக்கிச் செல்லலாம். ஐந்தாவதில் பகைவர் நம்மை வந்து பற்றுவர். ஏழாவதில் களைத்தவர் நிமிர்வர். அபாய எண் ஒன்று ஏறும். எஞ்சிய இரண்டே ஆட்டத்தின் உயிர்நிலை: மூன்றாவதான பயணமும் ஆறாவதான போரும். இவ்விரண்டும் ஒன்றன் கையை ஒன்று பிடித்து இழுப்பவை.

பயணத்தின்போது, எந்தெந்த நாயகரையும் துணைவரையும் வழிச்செல்ல அனுப்புகிறோம் என்பதை ஒவ்வொருவரும் முறைப்படி அறிவிக்க வேண்டும். அனுப்பப்பட்டவரின் சீட்டைக் குறுக்கே சாய்த்து வைக்கிறோம். அவர் களைத்தார் என்பது பொருள். எல்லோரும் அனுப்பி முடித்த பின்னரே எதிர்க்கட்டிலிருந்து புதுச்சீட்டுகள் புரட்டப்படும். ஆளுக்கு ஒன்றாக, நால்வர் ஆடினால் நான்கு. ஆள் கூடினால் பகையும் கூடும். பிறகு, சென்றவர்களின் மனவுறுதியைக் கூட்டி, முன்களத்தில் கிடக்கும் சீட்டுகளின் அபாயத்தையும் கூட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். நம் கூட்டு 9, அதன் கூட்டு 7 என்றால் வழியில் இரண்டு அடி முன்னேறினோம். அதன் கூட்டு 12 ஆகிவிட்டால் குறைந்த மூன்றும் நால்வரின் அபாய எண்ணிலும் ஏறும். ஒருவரும் தப்ப முடியாது.

வழிக்குச் சென்று சாய்ந்தவர் அந்தச் சுற்றில் போரில் நிற்க முடியாது. தடுக்கவும் ஒருமுறை சாய வேண்டும். தாக்கவும் ஒருமுறை சாய வேண்டும். தனிச்சலுகை தரும் சீட்டு இருந்தாலன்றி, ஓர் ஆளுக்கு ஒரு சுற்றில் ஒரு வேலையே. தடுப்பார் எவரும் இல்லாமல் பகைவன் அடித்தால், அடி முழுவதும் ஒரு நாயகர் தலையில் விழும். அவருடைய தடுப்பு வலிமையைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.

இவ்விதியைப் படித்தபோது எனக்கு ஆலைக்கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மறையூர்ச் சர்க்கரை எவ்வாறு பிறக்கிறதென்று நகரத்துப் பிள்ளைகள் அறியார். ஒருவன் ஆலையில் கரும்பைச் செலுத்துகிறான். ஒருவன் காய்ந்த சக்கையை அடுப்பில் தள்ளுகிறான். ஒருவன் கொப்பரையில் பாகைக் கிளறுகிறான். பதம் வந்து தொட்டியில் ஊற்றியதும், ஆறுமுன்னே கைபொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்க வேண்டும். கிளறுகிறவன் உருண்டை பிடிக்கப் போனால் அடுத்த கொப்பரை தீய்ந்துவிடும். இதைச் சொன்னதும் தம்பி தலையசைத்தான். ஏழு படிகளை நான் ஒப்பித்ததைக் காட்டிலும் இந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்கு ஆட்டம் விளங்கிவிட்டது.

விளங்கினால் போதுமா? முதல் ஆட்டத்தில் என் மகனின் ஊக்கம் எங்களை இழுத்துச் சென்றது. முதற்சுற்றிலேயே பன்னிரண்டு நாயகரையும் வழியனுப்பினோம். ஐந்தடி, ஆறடி என்று முன்னேறினோம். மூன்றாம் சுற்றில் இரண்டு பகைவர் வந்து பற்றினர். நிமிர்ந்து நின்றவர் ஒருவரும் இல்லை. அடுத்தடுத்து நாயகர் மடிந்தனர். அரைமணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் தம்பி ஒரு முடிவுக்கு வந்தவனாய், தன் மூவரில் ஒருவரையும் அனுப்ப மறுத்தான். பகைவர் வந்தபோதெல்லாம் அவன் பக்கம் ஆள் இருந்தது, அடித்து விரட்டினான். ஆனால் பயணம் நகரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மனவுறுதி இரண்டு குறைந்தது, மூன்று குறைந்தது. அந்தக் குறை எங்கள் எல்லோர் எண்ணிலும் ஏறிற்று. நாற்பதைத் தாண்டியதும் மகன் பொறுமை இழந்தான்.

“சித்தப்பா எப்போதும் இப்படித்தான். எல்லோரும் முன்னால் போனால்தானே ஏதாவது நடக்கும்?” என்றான்.

“எல்லோரும் போய்விட்டால் இங்கே வருகிறதை யார் பார்ப்பது?” என்றான் தம்பி, சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

மேசை சற்று நேரம் அமைதியாயிற்று. பேத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். கரும்பை எடுத்துவிட்டு அந்த நிலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தங்கும் விடுதி கட்டலாமென்ற யோசனை என் மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக உண்டு. அதற்குத் தம்பி ஆம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. நடுவில் இருக்கும் நானும் வாய்திறந்ததில்லை. அதைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை. இரண்டு சுற்றுக்குப் பின் எண்கள் ஐம்பதைத் தொட்டன, மீண்டும் தோற்றோம்.

அப்போது பேத்திதான் ஒரு கணக்கைச் சொன்னாள். தனியே ஆடிக் கற்றுக்கொண்ட கணக்கு அது. முன்களத்தில் ஏற்கெனவே கிடக்கும் சீட்டுகளின் அபாயம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது புதிதாக வரப்போகும் நான்கு சீட்டுகள் மட்டுமே. புதுச்சீட்டு ஒன்றுக்கு இரண்டு என்று உத்தேசமாக வைத்துக்கொள்; கிடப்பதோடு கூட்டு; அந்த அளவுக்கு மட்டும் ஆளை அனுப்பு; எஞ்சியவரை நிறுத்திவை. சில சுற்றில் கணக்குத் தவறும், பெரும்பாலும் தவறாது. இத்தனை எளிய கூட்டலைச் செய்யாமல், போவதா இருப்பதா என்று பெரியவர் இருவர் வழக்காடிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விதியறிந்தவன் என்ற மிதப்பில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் எல்லோருடைய கைகளையும் நானே ஆடினேன். “அதை இறக்கு”, “இவரை அனுப்பு”, “அதைத் தொடாதே” என்று வகுப்பில் பேசும் குரலில் பேசினேன். மூன்றாவது ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் பேத்தி தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தாத்தா, என் கையையும் நீங்களே ஆடிவிடுங்கள். எனக்குத் தனியாக ஆடிப் பழக்கம்தான்” என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் இரண்டு நாள் படித்த புத்தகத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. படித்தும் கடந்து போயிருந்தேன். ஆடுவோர் தமக்குள் கலந்து பேசலாம், பேசுவதே நல்லது, திட்டம் தீட்டலாம். ஆனால் தன் கையில் இருக்கும் சீட்டின் பெயரைச் சொல்லவோ, அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டவோ கூடாது. “இந்தச் சுற்றில் என்னால் ஒரு பகைவனைத் தாங்க முடியும்” என்று சொல்லலாம். எதைக் கொண்டு தாங்குவாய் என்று பிறர் கேட்டு அறிய இயலாது. இருபத்தெட்டில் வாயே திறக்கக்கூடாது. இங்கே வாய் திறக்கலாம், கையைத் திறக்கக்கூடாது. அந்தச் சிறு மறைப்பு இருக்கும்வரையில் ஒவ்வொருவர் முடிவும் அவரவருடையது. பிறர் சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும். மறைப்பை நீக்கிவிட்டால் உரத்த குரலுடைய ஒருவர் ஆட, மற்ற மூவர் சீட்டுத் தாங்கிகளாக உட்கார்ந்திருப்பர்.

கூடி ஆடும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டென்று பிறகு அறிந்தேன். அதற்கு மருந்தாக வகுக்கப்பட்ட ஆட்டங்களும் உள்ளன. 2013 இல் ஜெர்மனியின் சிறந்த ஆட்டத்துக்கான பரிசைப் பெற்ற ‘ஹனாபி’யில் சீட்டை வெளிப்புறம் காட்டிப் பிடிக்க வேண்டும், நம் சீட்டு நமக்குத் தெரியாது, பிறருக்கெல்லாம் தெரியும், அளவான குறிப்புகளே கொடுக்கலாம். தாமஸ் சிங் வகுத்து 2019 இல் வெளிவந்த ‘தி குரூ’ நம்மவருக்கு இன்னும் அணுக்கமானது. நான்கு நிறத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையும், துருப்பாக நான்கு ராக்கெட்டுகளும் சேர்ந்து நாற்பது சீட்டு. இருபத்தெட்டைப் போலவே இனத்துக்கு இனம் போட்டுப் பிடி எடுக்கும் ஆட்டம்தான். ஆனால் எந்தச் சீட்டை யார் பிடிக்க வேண்டும் என்பது முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். எல்லோரும் சேர்ந்து அதை நிறைவேற்ற வேண்டும். பேச்சுக் கிடையாது, ஆட்டத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டைக் காட்டி, அந்த நிறத்தில் என்னிடம் இதுவே பெரியது, அல்லது சிறியது, அல்லது இது ஒன்றே என்று குறிக்கலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இதிலிருந்து தொடங்குவதே எளிது என்பது என் கருத்து. நாங்கள் பெரிய பெட்டியிலிருந்து தொடங்கினோம், கிடைத்தது அதுதான்.

மூன்றாவது ஆட்டத்தில் நான் என் மூன்று நாயகரை மட்டும் பார்த்துக்கொண்டேன். அது எத்தனை கடினம் என்பது ஆசிரியத் தொழில் செய்தவர்களுக்கே தெரியும். பேத்தியின் கணக்குப்படி ஆளனுப்பினோம். மகன் தன் மூவரில் ஒருவரை ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திவைத்தான். தம்பி தன் மூவரில் ஒருவரை அனுப்பலானான். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஆட்டத்தில்தான் ஐந்தாம் படியின் அருமை தெரிந்தது. பகைவர் சீட்டு ஒவ்வொன்றிலும் ஓர் எண் உண்டு. நம் அபாய எண் அதை எட்டினால் அவன் தானே வந்து பற்றுவான். எட்டாதவரை முன்களத்திலேயே கிடப்பான். முப்பது என்று எழுதிய பகைவன் இருபத்தொன்பதில் இருப்பவரை ஒன்றும் செய்யான். ஆனால் அங்கே கிடக்கும் வரை அவன் அபாயம் கூட்டில் சேர்ந்து எல்லோருடைய பயணத்தையும் கெடுக்கும். இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். பகைவர் தாமே வருமுன், ஒவ்வொருவரும் தாம் விரும்பினால் ஒருவனைத் தம்மிடம் அழைத்துக்கொள்ளலாம். அழைத்தவரிடம் அவன் போய்விட்டால் முன்களத்தின் பாரம் குறையும். இன்னொருவரிடம் போகவிருந்த பகையும் அவரை விட்டு நீங்கும். அழைத்தவர் பாடுதான் பாடு. பக்கத்தில் இருப்பவர் நினைத்தாலும் அவருக்காகத் தடுக்க முடியாது. அரகார்னைப் போலக் காவலுரிமை பெற்ற சிலருக்கு மட்டுமே அது இயலும்.

நான் இவ்விதியைத் தமிழில் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டான்: “நாமாகவே கூப்பிடலாமா, அண்ணா?”

“கூப்பிடலாம். கட்டாயமில்லை.”

அதன் பிறகு அவன் சுற்றுதோறும் ஒரு பகைவனைக் கூப்பிட்டான். என் மகனை நோக்கிக் கிடந்த பெருஞ்சிலந்தியையும் அவனே அழைத்துக்கொண்டான். எங்கள் முன்களம் துப்புரவாயிற்று, பயணம் விரைந்தது. அவன் பக்கம் மட்டும் சீட்டுகள் குவிந்தன. ஆறாம் சுற்றில் ஒரு நாயகர் மடிந்தார். எட்டாம் சுற்றில் இன்னொருவர். மகன், “போதும் சித்தப்பா, அடுத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன்” என்றான். “நீ போ. வழியைப் பார்” என்றான் தம்பி. ஒன்பதாம் சுற்றில் அவனுடைய மூன்றாவது நாயகரும் வீழ்ந்தார். விதிப்படி அவன் ஆட்டத்திலிருந்து நீங்கினான். எழுந்து சென்று முகம் கழுவி வந்து, என் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முதற்கதையின் இறுதிக் கட்டம் இரண்டு வகை. எது வரும் என்று முன்னரே தெரியாது. எங்களுக்கு எளியது வந்தது; மாபெரும் சிலந்தியைத் தேடி எதிர்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு சுற்றில் காட்டைக் கடந்தோம். அப்போது மகனின் எண் நாற்பத்தெட்டு.

பேத்தி கைகொட்டினாள். மகன் மட்டும் விதிப்புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பக்கங்களைத் திருப்பினான். நடுவில் நீங்கியவர் வென்றவரா, தோற்றவரா என்று தேடினான். ஒருவராவது இறுதிவரை நிலைத்துப் பயணத்தை முடித்தால் வெற்றி ஆடிய கூட்டத்துக்கே என்று இருந்ததை இரண்டு முறை படித்தான். பிறகு தமிழில் சொன்னான்.

“அப்படியானால் எனக்குக் குணுக்கு இல்லை” என்றான் தம்பி.

விடுதியைப் பற்றிய பேச்சு இதனால் தீர்ந்துவிட்டது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். அது சீட்டால் தீரும் காரியமன்று. புறப்படுவதற்கு முந்திய நாள் மகன் தானாகவே ஆலைக்கொட்டகைக்குச் சென்று, ஏக்கருக்கு என்ன செலவு, ஓர் உலைக்கு எத்தனை உருண்டை, என்ன விலை என்று சித்தப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டான் என்பதை மட்டும் சொல்வேன். இருவரும் உச்சிப்பொழுதுக்குத்தான் வீடு திரும்பினர்.

இதை ஆட விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். விதிகளை முழுதும் சொல்லிவிட்டு ஆடத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு சுற்றைச் சீட்டுகளைத் திறந்துவைத்தே ஆடுங்கள், விதி தானே படியும். ஆங்கிலம் அறியாத பெரியவர் இருந்தால் ஒவ்வொரு சீட்டின் கருத்தையும் ஒருவரிச் சீட்டாகத் தமிழில் எழுதி உடன் வையுங்கள். என் பேத்தி தம்பிக்காக அவ்வாறு எழுதினாள். மழலைத் தமிழ்தான், ஆனால் பிழை குறைவு. அவளுக்குத் தமிழ் எழுதும் பயிற்சி அந்த விடுமுறையில் வேறெதனாலும் அவ்வளவு கிட்டவில்லை. மூவருக்கு மேல் ஆடினால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எண்களை ஏற்றும் பொறுப்பை மறதியுள்ளவரிடம் கொடாதீர்கள். எங்கள் வீட்டில் அது நான்தான்.

பெட்டியைப் பேத்தி இங்கேயே விட்டுச் சென்றாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தம்பியும் நானும் ஆடுகிறோம். இருவர் ஆடும்போது சுற்றுக்கு இரண்டே புதுச்சீட்டு. பகை குறைவுதான், ஆனால் ஆளும் குறைவு. இரண்டாவது கதை ஓர் ஆற்றுப் பயணம். அதில் ஒரு மலைப்பூதம் வருகிறது. அது வந்துவிட்டால் அதைக் கொல்லாமல் முதற்கட்டம் முடியாது. நான்கு முறை முயன்று நான்கு முறையும் தோற்றோம். பேத்தி தொலைபேசியில் அழைத்து, “பூதம் இருக்கிறதா, தாத்தா?” என்றுதான் முதலில் கேட்கிறாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேசியைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆடிக்கு அவள் வருமுன் அதை ஒருமுறையேனும் வீழ்த்திவிட வேண்டுமென்பது அவன் திட்டம். எவ்வாறு என்று கேட்டால், கையைத் திறக்கக்கூடாது என்று எனக்கே விதி சொல்கிறான்.